மூன்று மணிக்கு வந்த கார்

மின்னல் என்று அவருக்குப் பெயர் வைத்தவன் சரியான குசும்புக்காரன். அவர் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் வண்டிக்காரர் இரண்டு டீ குடித்து, பேப்பர் படித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடலாம். பழைய கார்களுக்கு மின்சார வேலை மட்டும் செய்கிற பட்டறை அவருடையது. கீழே பட்டறை, மாடியில் வீடு. வயது அறுபத்து நாலு. அவசரம் என்றால் என்னவென்று இன்னும் தெரியாது. ஆனால் வேலை சுத்தம். அதில் யாராவது குறை சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையை முடித்தாலும் காரின் ரேடியோவைப் போட்டு, முள்ளை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்தி, எஞ்சினை முடுக்கிக் காதைக் கொடுப்பார். ஸ்பார்க் வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருக்கிற ரேடியோவில் ஒரு 'டப்' விழும். அது விழாமல் இருக்கத்தான் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் கறுப்பாக ஒரு மூடி, காயிலிலும் டைனமோவிலும் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு கண்டென்சர், பானெட்டையும் சட்டத்தையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை. மொத்தத்துக்கும் சப்ரஸர் என்று பெயர். ரேடியோவில் ஒரு சின்ன 'டப்' கேட்டால்கூட மின்னல் வண்டியை வெளியே விடமாட்டார். கேட்காவிட்டால், கடைசியாக மாட்டிய கண்டென்சரில் சிவப்பு நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன் அடியில் ஊசியால் தேதியைக் கீறுவார். "எங்க கல்யாண நாளை மறந்துடுவாரு, கண்டென்சருக்குப் பொறந்த நாள் எழுதி வெப்பாரு" என்பாள் அவர் மனைவி.

அப்புறம் அந்த ஜோக். மனிதரின் கையிருப்பு ஒரே ஒரு ஜோக்தான். சப்ரஸர் இல்லாத வண்டி எது வந்தாலும் அதைச் சொல்லிவிடுவார். நாற்பது வருஷமாகச் சொல்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை காலை லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரு கார் வந்தது. ஆறு சிலிண்டர், கருநீலம், அகலமான மூக்கு. எஞ்சின் வேலையை வேறொரு பட்டறையில் முடித்து, ஸ்பார்க்குக்கும் ரேடியோவுக்கும் மின்னலிடம் அனுப்பியிருந்தார்கள். கூடவே ஓர் அம்மாள் வந்து இறங்கினார். ஐம்பது தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலையாம். மின்னலின் வாயில் அந்த நிமிஷமே காதுக்காரம்மா ஆகிவிட்டார்.

காதுக்காரம்மா பையிலிருந்து துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பழந்துணியில் சுற்றி ஆறு கறுப்பு மூடிகள், காயிலிலிருந்து வருகிற நடு ஒயருக்கானது ஒன்று, இரண்டு கண்டென்சர், ஒரு பின்னல் பட்டை. கம்பெனியிலிருந்து வந்தபோது அந்தக் காரில் இருந்த அதே சாமான்கள்.

"அப்பா போன மாசம் தவறிட்டாரு. பழைய கார் சேக்கறவர் ஒருத்தர் எடுத்துக்கறேன்னு சொல்றாரு. ரேடியோ இரைச்சலை அடக்கற சாமான்கூட ஒண்ணு விடாம ஒரிஜினலா இருக்கணுமாம். இதையெல்லாம் திருப்பி மாட்டிக் குடுங்க."

மின்னல் ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாயில் ஜோக் வந்து உட்கார்ந்துவிட்டது. அவரால் அதை அடக்க முடியாது.

"இதெல்லாம் இல்லாம ஓட்டினீங்கன்னா என்ன ஆகும் தெரியுமா மேடம்? நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க தெருவுல இருக்கற ரேடியோ எல்லாம், ஐயா வர்றாரு ஐயா வர்றாருன்னு தண்டோரா போட்டுடும்."

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

"ஆமா," என்றார் காதுக்காரம்மா. "அதுக்காகத்தான் கழட்டினேன்."

மின்னலுக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காரை ஒப்படைக்கிற கையோடு இதையும் இறக்கிவைத்துவிட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, பூசி மெழுகாமல் சொல்ல ஆரம்பித்தார். கதை சொல்கிற குரல் இல்லை அது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ரிப்போர்ட் படித்துக் காட்டுகிற குரல்.

"எங்க வீடு ஒரு இறக்கத்துல, தெரு முடியற இடத்துல இருக்கு. அப்பா மேட்டுத் திருப்பத்துலயே எஞ்சினை அணைச்சிடுவாரு. சத்தமே இல்லாம உருண்டு வந்து வாசல்ல நிப்பாரு. அவர் இல்லாதப்ப நாங்க என்ன பண்றோம்னு பாக்கணும் அவருக்கு. அம்மா ஜன்னல்கிட்ட நின்னா அடி. எதையாவது பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தா அதுக்குத் தனியா."

"ஆறு மணிக்கு ஆபீஸ்ல இருந்து வருவாரு. அந்த நேரம் நெருங்கினாலே அம்மா ஒரு எடத்துல உக்கார மாட்டாங்க. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. தெருவுல ஸ்கூட்டர் போனா ரேடியோ கரகரன்னு இழுக்குமே, அது ஏன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். ஒரு வாரப் பத்திரிகையில, கார் ரேடியோவில் இரைச்சலைப் போக்குவது எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு. அதைத் தலைகீழாப் படிச்சேன்."

அப்பா தூங்குகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஒரு வாரத்துக்கு ஒன்றாக எல்லாவற்றையும் கழற்றினாராம். மூடி இருந்த இடத்தில் ஒயரை உரித்துப் பிளக்கின் திருகுக்கு அடியில் சுற்றிவிட்டாராம். அப்பாவுக்குப் பாட்டு என்றால் ஆகாது, காரில் இருந்த ரேடியோவை ஒரு நாளும் போட்டதில்லை, அதனால் கண்டுபிடிக்கவில்லை. வீட்டு ரேடியோவிலிருந்து ஒரு கம்பியைக் காம்பவுண்டுச் சுவர் மேலேயே ஓட்டித் திருப்பம் வரைக்கும் இழுத்துக் கட்டினார். பாட்டு தெளிவாகக் கேட்பதற்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

"கார் மேட்டுல ஏறும்போது ரேடியோவுல டபடபடபன்னு வரும். திருப்பத்துல டக்குனு நின்னுடும். மத்த வண்டி எதுவும் அப்படி நிக்காது. அது நின்னதுல இருந்து நாப்பது எண்ணினா அப்பா வாசல்ல இருப்பாரு. அந்த நாப்பதுக்குள்ள நாங்க எல்லாரும் அவங்கவங்க இடத்துல இருப்போம். ரெண்டு வருஷம் அம்மா அடி வாங்கறது பாதியாக் குறைஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் கேக்கல."

காதுக்காரம்மா கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடறதா முடிவு பண்ணிட்டாங்க. மாமா மூணரைக்கு வண்டி கொண்டு வர்றேன்னாரு. அம்மா மாடியில பெட்டி கட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்பா அந்த நேரத்துக்கு வரவே மாட்டாரு. இருந்தாலும் என்னை ரேடியோகிட்ட உக்கார வெச்சாங்க. உக்காந்தேன். ஒரு சத்தமும் வரல. நிமிந்து பாத்தா அப்பா அறைக்குள்ள நிக்கிறாரு. மணி மூணு. மார்ச் பதினாலு. அம்மா மாடிப்படியில தவறி விழுந்துட்டாங்கன்னு போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க. மூணாம் நாள் போயிட்டாங்க."

மின்னல் கையிலிருந்த மூடியை டப்பாவில் வைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அந்த அம்மாள் தொடர்ந்தார்.

"மாமா என்னை ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ஒரு ரேடியோவைக் கேக்க உன்னால முடியலையான்னு. தங்கச்சிக்கு அப்ப ஒம்பது வயசு. அந்த வார்த்தையை அப்படியே பிடிச்சுக்கிட்டா. முப்பத்தெட்டு வருஷமா அவ என்கிட்ட பேசறதில்ல. நான் என் காதை முப்பது தடவையாவது சோதிச்சுப் பாத்திருப்பேன். ஒரு குறையும் இல்ல. அப்ப நான் தூங்கியிருக்கணும். வேற என்ன இருக்கு? ஆனா தூங்கின ஞாபகமே வரல."

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, அப்பா அதற்குப் பிறகு அந்தக் காரை எடுக்கவே இல்லை, ஷெட்டில் போட்டுப் பூட்டியதோடு சரி என்றும் சொன்னார்.

மின்னல் வெகுநேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலையை ஆரம்பிப்போம் என்று பானெட்டைத் தூக்கினார்.

பிளக்குகளின் தலையில் ஆறு கறுப்பு மூடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடு ஒயரில் ஒன்று. காயிலில் ஒரு கண்டென்சர், டைனமோவில் ஒரு கண்டென்சர். பின்னல் பட்டை புதுத் திருகு போட்டு முடுக்கியிருந்தது. எதுவும் கம்பெனிச் சாமான் இல்லை, கடைச் சாமான். ஒரு நிமிஷம், அந்த அம்மாள் வேறு ஏதோ காரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றுகூட நினைத்தார்.

அப்புறம்தான் நூலைப் பார்த்தார். டைனமோ கண்டென்சரில் இரண்டு சுற்று. எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருந்தாலும் முடிச்சுக்கு அடியில் இன்னும் சிவப்பு இருந்தது.

 கண்டென்சரின் திருகைக் கழற்றி, அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பதினாலு, மூணு. அதற்குப் பக்கத்தில் வருஷம். அவர் கையெழுத்துதான்; நாலைப் படகு மாதிரி எழுதுகிற ஆள் அந்தத் தொழிலில் வேறு யாரும் கிடையாது.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, பட்டறை வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளைச் சட்டையும் தங்க ஃபிரேம் கண்ணாடியும் போட்ட ஒரு மனிதர், டைனமோ சரியாக சார்ஜ் செய்யவில்லை என்று மத்தியான இடைவேளையில் கொண்டுவந்தார். டைனமோ வேலை அரை மணியில் முடிந்துவிட்டது. அத்தோடு சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். மின்னல் அனுப்பவில்லை. வழக்கப்படி ரேடியோவைப் போட்டார். டபடபவென்று காது கிழிந்தது. பானெட்டுக்குள் பார்த்தால் ஒரு சப்ரஸர்கூட இல்லை. ஒயரை உரித்துத் திருகில் சுற்றி வைத்திருக்கிறது. எவனோ அரைகுறை வேலைக்காரன் சாமானைத் திருடிவிட்டான் என்று மின்னலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் கேட்காமல், ஒரு பைசா வாங்காமல், அலமாரியிலிருந்து ஒரு முழு செட்டை எடுத்து மாட்டினார். ரேடியோவைப் போட்டு, எஞ்சினை முடுக்கி, ஒரு 'டப்'கூட இல்லை என்று பார்த்து, நூல் கட்டி, தேதி கீறி அனுப்பினார். அன்று அவருக்கு அவ்வளவு பெருமை.

அனுப்பும்போது ஜோக்கும் சொன்னார்.

கண்டென்சரைக் கையில் வைத்தபடி மின்னல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த அதே ஸ்டூல்.  நான் கொன்றேன் என்று தோன்றியது. இல்லை, எனக்கு என்ன தெரியும் என்றும் தோன்றியது. இரண்டும் மாறி மாறி வந்தன, எதுவும் நிற்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக அந்த முகத்தைப் படிப்பவள்.

"யாரு உன் வேலையைக் குறை சொன்னது?"

"யாரும் சொல்லல. வேலை நல்லாத்தான் இருந்திருக்கு." எல்லாவற்றையும் சொன்னார்.  அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சும்மா கழட்டித் தூரப் போட்டுட்டு, அவங்க டப்பாவுல இருக்கறத மாட்டிடவா? யாருக்கும் தெரியப் போறதில்ல," என்றார் மின்னல்.

"அவ தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டே சாகட்டும்கறியா?"

மின்னல் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"ரெண்டு விஷயம் இருக்கு," என்றாள். "ஒண்ணு, நீ அதை மாட்டினது. அது அவளுக்குச் சேர வேண்டியது, அதை வெச்சுக்க உனக்கு உரிமை இல்ல. கூப்பிட்டுச் சொல்லிடு. இன்னொண்ணு, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம அந்தாளுகிட்ட நீ சொன்ன ஜோக்கு. அதைச் சொன்னா அவளுக்கு என்ன கிடைக்கும்? உன் மனசுதான் லேசாகும். அது உன்னோடது. நீயே வெச்சுக்க."

அவள் சொன்னது நியாயம் என்றே மின்னலுக்குப் பட்டது. முதலாவதைச் சொல்வது, இரண்டாவதை விழுங்குவது என்று முடிவானது. ஆனால் முடிவு எடுத்துவிட்டால் மட்டும் ஜீரணமாகிவிடுமா.

நாலு நாள் வேலை செய்தார். வேலையில் ஒளிந்துகொள்ளத் தெரிந்த மனிதர்தான். டப்பாவில் இருந்த மூடிகளை ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தார். இரண்டு செத்துப்போயிருந்தன, வெளி உறையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருந்த கார்பன் குச்சியை மட்டும் மாற்றினார். பழைய கண்டென்சர்களைச் சூடு காட்டி, வாயைத் திறந்து, குடலை எடுத்துவிட்டுப் புதிதை வைத்துத் தாரால் மூடினார். வெளியே பார்த்தால் கம்பெனியிலிருந்து நேற்று வந்தது மாதிரி இருக்கும். காரில் இருந்த தன்னுடைய செட்டைக் கழற்றவே இல்லை. எடுத்த ஒரு கண்டென்சரையும் திரும்ப மாட்டிவைத்தார். அந்த அம்மாள் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காதுக்காரம்மா வந்தார். மின்னல் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பானெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க கழட்டின எடத்துல வேற செட்டு இருக்கும்மா. பாருங்க."

காதுக்காரம்மா குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை.

"யார் மாட்டினது?"

"நான்தான்." மின்னல் கண்டென்சரைக் கழற்றித் திருப்பி, தேதியைக் காட்டினார். "அன்னிக்கு மத்தியானம் உங்கப்பா இங்க வந்தாரு, வேற வேலைக்கு. சப்ரஸர் ஒண்ணும் இல்லையேன்னு நானா மாட்டினேன். அவர் கேக்கல. உங்க ரேடியோவுல சத்தம் வந்திருக்காதும்மா. வர வாய்ப்பே இல்ல. நீங்க தூங்கல."

காதுக்காரம்மா அந்தத் தேதியை விரலால் தடவினார். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. கத்துவார், அடிப்பார், சபிப்பார் என்று நாலு நாளாகத் தயாராகியிருந்த மின்னலுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

"நான் வெறும் பேச்சை நம்ப மாட்டேன்," என்றார் கடைசியில். "என் வேலை அப்படி. சோதிச்சுப் பாக்கணும்."

வீட்டுக்குப் போய் அந்த ரேடியோவையே எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் ரேடியோ. மரப்பெட்டியில் ஒரு மூலை உடைந்திருந்தது. மின்னல் ஒயரை மாற்றிக் கொடுத்ததும் உயிர் வந்துவிட்டது. அதை மாடியில், பட்டறைச் சத்தம் எட்டாத பின்னறையில் வைத்தார்கள். ஒரு கம்பியை ஜன்னல் வழியாகத் தொங்கவிட்டு, பட்டறை வாசலில் கார் நிற்கிற இடம்வரை கொண்டுவந்தார் மின்னல். காதுக்காரம்மா கண்ணை மூடி ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அவரிடம் வருகிறவர்கள் சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டுமாம். அதே மாதிரி மடியில் ஒரு விரலை நீட்டி வைத்துக்கொண்டார். மின்னலின் மனைவி தெருப்பக்க ஜன்னலுக்கும் பின்னறைக்கும் நடுவில் நின்றாள். விரல் எழுந்தால் அவள் ஜன்னலில் கையைக் காட்ட வேண்டும்.

மின்னல் முதலில் எல்லாச் சப்ரஸரையும் கழற்றிவிட்டு, அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் சுற்றி வைத்திருந்தது போலவே ஒயரைத் திருகில் சுற்றி, எஞ்சினைக் கிளப்பினார். எஞ்சின் உறுமி முடிப்பதற்குள் ஜன்னலில் மனைவியின் கை எழுந்தது. அணைத்தார். கை இறங்கியது. கிளப்பினார். எழுந்தது. ஏழெட்டுத் தடவை. ஒன்றுகூடத் தவறவில்லை.

பிறகு தன்னுடைய செட்டை மாட்டினார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எந்த வரிசையில் மாட்டினாரோ அதே வரிசையில். எஞ்சினைக் கிளப்பி முடுக்கினார். ஜன்னலைப் பார்த்தார். மனைவி சும்மா நின்றாள். இன்னும் முடுக்கினார். பட்டறை வாசல் முழுக்கப் புகை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் வேலை தோற்றுவிட வேண்டும், ஒரே ஒரு 'டப்' எங்கேயாவது கசிந்து அந்த விரல் எழ வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மனைவி உள்ளே திரும்பிப் பார்த்தாள், வெளியே திரும்பித் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

எஞ்சினை அணைத்துவிட்டு மேலே போனார். காதுக்காரம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். ரேடியோவின் ஒலி முழுக்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வெறும் காற்று வீசுகிற இரைச்சல் மட்டும் அறையில் நிறைந்திருந்தது. விரல் மடியிலேயே கிடந்தது.

"ஓட்டினீங்களா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"பத்து நிமிஷம் ஓட்டினேம்மா."

"எனக்குக் கேக்கல," என்றார். "எனக்குக் கேக்கவே இல்ல." அதற்குப் பிறகுதான் அழுதார். ஐம்பத்திரண்டு வயசுப் பெண்மணி, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி தோள் குலுங்க அழுதார். மின்னலின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மின்னல் ரேடியோவை அணைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

அழுது முடித்து, முகத்தைக் கழுவி, ஒரு டீயும் குடித்துவிட்டுக் காதுக்காரம்மா கீழே வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மின்னல் தன்னுடைய செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு, அவருடையதை மாட்ட ஆரம்பித்திருந்தார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணா. உங்களுக்கு என்ன தெரியும்? நல்ல வேலைக்காரர் எவரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாரு." அந்த அம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "தங்கச்சியைக் கூப்பிடப் போறேன். எடுப்பாளான்னு தெரியல. எடுத்தா சொல்லணும்."

எண்ணைத் தேடி எடுத்தவர் அழுத்தாமல் நின்றார்.

"ஆனா அவ உடனே ஒண்ணு கேப்பா. எனக்கே அது இத்தனை வருஷமாப் புரியல. ஆறு மணிக்கு வர்ற ஆளு. ஒரு நாளும் அஞ்சரைக்கு முன்னாடி வந்ததில்ல. அன்னிக்கு மட்டும் ஏன் மூணு மணிக்கு வந்தாரு? ஆபீஸ்ல விசாரிச்சோம், அங்க ஒண்ணும் நடக்கல. இங்க இருந்து கிளம்பறப்ப உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

மின்னல் கையில் இருந்த மூடியைப் பிளக்கின் தலையில் அழுத்தினார். மாடிப்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடு. இரண்டே வார்த்தை. இந்த அம்மாள் இப்போது பிழைத்து எழுந்திருக்கிறார், அப்படியே போகட்டும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அவர் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்," என்றார்.

மனைவி சட்டென்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"திங்கக்கிழமை உங்ககிட்ட ஒரு ஜோக்கு சொன்னேனே. அதையேதான் அவர்கிட்டயும் சொன்னேன். இது ஒண்ணும் இல்லாமத்தான் இத்தனை நாளா ஓட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க சார், நீங்க வர்றது உங்க வீட்டு ரேடியோவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கும்னு. எவ்வளவு தூரத்துல இருந்து தெரியும்னு கேட்டாரு. கம்பியை நீளமா இழுத்துக் கட்டியிருந்தா தெருமுனையில இருந்தேன்னு சொன்னேன். யாரு கழட்டியிருப்பாங்கன்னு கேட்டாரு. திருட்டு வேலைன்னு மொதல்ல நெனச்சேன், ஆனா ஒயரைச் சுத்தியிருக்கறதப் பாத்தா சின்னக் கை மாதிரி இருக்குன்னு சொன்னேன். தெரிஞ்சதையெல்லாம் சொல்லி, நான் கெட்டிக்காரன்னு காட்டிக்கணும் எனக்கு."

 காதுக்காரம்மாவின் கையில் போனின் வெளிச்சம் அணைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அவர் என்ன பண்ணாரு?"

"கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மணி என்னன்னு கேட்டாரு. ரெண்டேகால்னு சொன்னேன்."

"கோவப்பட்டாரா?"

 நாற்பது வருஷத்தில் மின்னல் அந்த ஜோக்கை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் புரியாமல் விழிப்பார்கள், மீதிப் பேர் மரியாதைக்குப் பல்லைக் காட்டுவார்கள். மனம்விட்டு ரசித்தவர் அந்த ஒருவர்தான். அதனால்தான் மின்னல் அதை விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. என் தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாரு."

காதுக்காரம்மா அவரையே பார்த்தார். பிறகு போனைப் பைக்குள் வைத்து, ஜிப்பை மூடினார். மேசைமேல் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய் நின்றார்.

"அப்பா சிரிச்சு நாங்க பாத்ததே இல்ல," என்றார்.